தலப்படத்தில் தவறு நேரும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) புவியியல் படிக்கும் பிள்ளைகள் இரண்டு படங்களோடு பழக வேண்டும்: நிலத்தின் மேடுபள்ளங்களையும் ஆறு, சாலைகளையும் குறிகளால் காட்டும் 1:50 000 தலப்படம், வானிலிருந்து எடுத்த புகைப்படத்தின் மேல் கோடுகள் வரைந்த 1:10 000 ஆர்த்தோபோட்டோ படம். ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போடுவதுதான் மதிப்பெண்ணை அதிகம் விழுங்குகிறது.

தலப்படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர். ஆர்த்தோபோட்டோவில் 100 மீட்டர்தான். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளுக்கு நடுவே உள்ள உயர இடைவெளி முன்னதில் 20 மீட்டர், பின்னதில் 5 மீட்டர். பரப்பளவு கேட்டால் வித்தியாசம் ஐந்து மடங்கல்ல, 25 மடங்கு. 10 000 சின்ன எண்ணாக இருப்பதால் அதைச் சிறிய அளவை என்று எழுதாதீர்கள். பத்தாயிரத்தில் ஒரு பங்கு, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கைவிடப் பெரிது. ஆகவே அதுதான் பெரிய அளவைப் படம்.

சரிவு விகிதத்தில் அலகு கலப்பதும் அடிக்கடி நடக்கிறது. தலப்படத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 6 செ.மீ.; ஒன்றின் உயரம் 200 மீட்டர், மற்றது 320 மீட்டர். உயர வித்தியாசம் 120 மீட்டர், கிடைத்தூரம் 3 கி.மீ. இந்த 3-ஐ 3000 மீட்டராக மாற்றிய பிறகே வகுக்க வேண்டும்: 120/3000, அதாவது 1:25. அதே 6 செ.மீ.க்குத் தவறுதலாக ஆர்த்தோபோட்டோவின் அளவையைப் போட்டால் 1:5 வரும். அது ஏறுவதற்கே மூச்சு வாங்கும் சரிவு. விடை அந்த நிலத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒருமுறை பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

வீட்டில் பழக நகலெடுக்கும்போது கவனம் தேவை. ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கினால் 1:50 000 என்பது ஏறக்குறைய 1:35 000 ஆகிவிடும், ஆனால் அச்சிட்ட எண் மாறாது. தூரத்தைக் கோடாக வரைந்து காட்டும் கோட்டு அளவை படத்தோடு சேர்ந்து பெரிதாவதால் அதை நம்பலாம்.

படத்தின் எண்ணையும் ஊகிக்கக் கூடாது. டர்பன் நகர மையம் 2931சிசி தாளில் இருக்கிறது. சாட்ஸ்வர்த் அருகில்தான் என்றாலும் 31° தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே விழுவதால் 2930டிடி. முதல் இரண்டு இலக்கம் தென் அட்சம், அடுத்த இரண்டு கிழக்குத் தீர்க்கம்; எழுத்துகள் அந்தக் கட்டத்துக்குள் எந்தப் பகுதி என்பதைச் சொல்லும்.

சம உயரக் கோடுகள் ஆற்றைக் கடக்கும்போது வளையும் முனை மேட்டை, அதாவது ஆறு வரும் திசையைக் காட்டும். ஆறு ஓடும் திசை அதற்கு எதிர்.

காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உள்ள கோணம், தென்னாப்பிரிக்காவில் மேற்கே. எனவே உண்மைத் திசைக்கோணத்தோடு அதைக் கூட்டினால்தான் காந்தத் திசைக்கோணம் கிடைக்கும். படத்தின் ஓரத்தில் உள்ள விலக்க மதிப்பு அங்கே குறித்த ஆண்டுக்கு உரியது. ஆண்டு மாற்றத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்த பிறகே கூட்டுங்கள்.

இந்தியப் பாடநூலைத் துணைக்கு வைத்திருப்பவர்கள் வெயில் படும் சரிவை அப்படியே எடுத்தெழுத வேண்டாம். தென் அரைக்கோளம் என்பதால் இங்கே வடக்கு நோக்கிய சரிவுதான் வெப்பமானது.