பழைய லேப்டாப் தொழிலில் அரசு சலுகையைக் கோட்டை விடும் இடங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் பழைய லேப்டாப்பை வாங்கிச் சரிசெய்து விற்பவர்களிடம் அரசு சலுகை என்று பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி, "மானியம் எவ்வளவு சார்?" என்பதுதான். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் புதுப்பித்து விற்பவருக்கு அரசு காசு எதுவும் தருவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் போர்ட்டலில் பதிவு செய்து கணக்குக் காட்டினால் புதுப்பிப்புச் சான்றிதழ் கிடைக்கும், அதை உற்பத்தி நிறுவனங்கள் வாங்கும், அவ்வளவுதான். பதிவே செய்யாமல் சலுகை வரவில்லை என்று புலம்பிப் பயனில்லை.

வாங்கும் நிறுவனங்களும் ஒரு கணக்கில் சறுக்குகின்றன. இவ்வளவு மின்னணுக் கழிவை மறுசுழற்சி செய்ய ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று உற்பத்தி நிறுவனங்களுக்கு விதி சுமத்தும் பொறுப்புதான் மறுசுழற்சிக் கடமை; சான்றிதழ் வாங்கியதும் அது தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தீரவில்லை, தள்ளித்தான் போகிறது. 100 டன் கடமை உள்ள நிறுவனம் 60 டன்னுக்குப் புதுப்பிப்புச் சான்றிதழ் வாங்கினால் இந்த ஆண்டு 40 டன் போதும். ஆனால் அந்தப் பொருட்களின் நீட்டித்த ஆயுள் முடிகிற ஆண்டில் அந்த 60 டன்னில் 75 சதவீதம், அதாவது 45 டன், திரும்ப வந்து நிற்கும். மிச்சமாகிற 15 டன்தான் உண்மையான சலுகை.

சின்னக் கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய லாபம் ஜிஎஸ்டியில் இருக்கிறது, அதைத்தான் பலரும் விடுகிறார்கள். பயன்படுத்திய பொருளை வாங்கி விற்கும் வியாபாரி, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம் என்று மத்திய ஜிஎஸ்டி விதி 32(5) சொல்கிறது. 12,000 ரூபாய்க்கு எடுத்து வரி நீங்கலாக 18,000-க்கு விற்றால், 18 சதவீதம் 6,000-க்குத்தான்: 1,080 ரூபாய். முழு விலைக்குப் போட்டால் 3,240. ஆனால் அந்த லேப்டாப்பை வாங்கும்போது கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால், அதாவது அதைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருந்தால், இந்தக் கதவு மூடிவிடும். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள்தான் நோட்டீஸ் வந்ததும் ஆடிட்டரைத் தேடி ஓடுகிறார்கள். வாங்கிய விலைக்கு ரசீது இல்லையென்றால் வித்தியாசத்தை எதை வைத்துக் காட்டுவது? இன்னொன்று, பொருளின் தன்மை மாறாத சிறு வேலை மட்டுமே செய்திருக்க வேண்டும். நாலு செத்த லேப்டாப்பைப் பிரித்து ஒன்றாகச் சேர்ப்பது அதற்குள் வருமா என்பதை விற்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கழிவு. கழற்றிய போர்டு, உடைந்த ஸ்கிரீன் எல்லாம் எடைக்கு எடை காயலான் கடைக்குப் போய்விடுகிறது. காசு உடனே கைக்கு வருவதால் யாருக்கும் உறுத்துவதில்லை. பதிவு பெற்றவர் அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மட்டும் அந்த மூட்டையில் போட்டுவிடாதீர்கள், அதற்கு 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் தனியாக இருக்கின்றன.