செவ்வியல் அறிவியல் புனைகதைகளை நல்ல அட்டையுடன் வாங்குவது எப்படி

பழைய அறிவியல் புனைகதை ஒன்றை வாங்குவதற்கு முன், அதற்கு இதுவரை வந்துள்ள அட்டைகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்ற இணையத் தரவுத்தளத்தில் நாவலின் பெயரைத் தேடினால், ஒவ்வொரு பதிப்பின் ஆண்டும் பதிப்பகமும், பெரும்பாலானவற்றுக்கு ஓவியரின் பெயரும் கிடைக்கும். புத்தகங்களை எரிக்கும் சமூகத்தைப் பற்றிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலுக்கு 1953ஆம் ஆண்டு ஜோசப் முக்னைனி வரைந்த அட்டையில், அச்சிட்ட தாள்களையே உடுப்பாக அணிந்த மனிதன் தீப்பற்றித் தலைகவிழ்ந்து நிற்கிறான். நாவல் முழுவதும் அந்த ஓர் உருவத்தில் அடங்கிவிடுகிறது. இதைப் பார்த்தபின், தீக்குச்சி ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்ளும் மறுபதிப்புகளை எடைபோடுவது எளிது.

கதைக்குப் பொருந்தாத அட்டை எல்லாமே மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். 1970களில் பிரிட்டனின் பேந்தர் பதிப்பகத்துக்காக கிறிஸ் ஃபாஸ் வரைந்த பிரம்மாண்டமான விண்கலங்களுக்கும் உள்ளே இருந்த கதைகளுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. ஆயினும் அவற்றில் ஓவியரின் கை தெரிகிறது. தவிர்க்க வேண்டியது, யார் கையும் தெரியாத அட்டையைத்தான். திரைப்படத்தை ஒட்டி வரும் பதிப்புகள் அவ்வகையில் முதன்மையானவை. 'ஐ, ரோபாட்' 1950இல் வெளியான சிறுகதைத் தொகுப்பு. 2004இல் வந்த படத்தின் கதை அதில் இல்லவே இல்லை என்றாலும், நூலின் அட்டையில் நடிகர் வந்து நின்றுகொண்டார்.

காப்புரிமை காலாவதியான நூல்களில் கூடுதல் கவனம் தேவை. ஜூல் வெர்னின் கடலடிப் பயண நாவலை மெர்சியர் லூயிஸ் என்ற பெயரில் 1870களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு கணிசமாக வெட்டிச் சுருக்கியிருந்தது. இன்றும் மலிவு அச்சகங்கள் அதையே எடுத்துப் போடுகின்றன. ஆகவே மங்கிய இணையப் படமொன்றை அட்டையாக்கி, மொழிபெயர்ப்பாளர் பெயரையும் குறிப்பிடாத பதிப்பு என்றால், அட்டையைக் காட்டிலும் உள்ளடக்கத்துக்காகவே அதை ஒதுக்கிவிடலாம்.

இணையத்தில் வாங்கும்போது, நூலின் பதிப்பை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அட்டைப்படம் மட்டும் மாறினால் புதிய எண் பெற வேண்டியதில்லை என்பதே விதி. எனவே ஒரே எண்ணில் இருவேறு அட்டைகள் புழங்கும். பழைய புத்தகமானால், விற்பவரிடம் முன்னட்டை, முதுகு, பதிப்புரிமைப் பக்கம் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் செலுத்துங்கள்.

எதுவும் அமையவில்லையென்றால் மேலுறையை நாமே செய்துகொள்ளலாம். செவ்வாய்க் கோளினர் மூன்று கால் எந்திரங்களில் பூமியைத் தாக்கும் எச்.ஜி. வெல்ஸின் நாவலுக்கு என்ரிக் ஆல்விம் கொரேயா வரைந்து, 1906இல் பிரஸ்ஸல்ஸில் வெளியான பதிப்பில் இடம்பெற்ற ஓவியங்கள் காப்புரிமை கடந்தவை. அந்த எந்திரங்களை அவருக்கு நிகராக வரைந்தவர்கள் குறைவு. 129 மி.மீ. அகலமும் 198 மி.மீ. உயரமும் உள்ள நூலுக்கு முதுகு 18 மி.மீ. என்றால், இரு அட்டைகளும் முதுகுமாக 276 மி.மீ. ஆகும். 420 மி.மீ. நீளமுள்ள ஏ3 தாளில் மிஞ்சும் 144 மி.மீட்டரைப் பாதியாக்கினால், உள்ளே மடிக்கும் பகுதி பக்கத்துக்கு 72 மி.மீ. கிடைக்கும். அச்சிடுமுன் வெற்றுத் தாளொன்றை இதே அளவில் மடித்து, நூலின் மேல் போட்டுப் பாருங்கள். முதுகின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.