கற்றாழை வெட்டத் தெரிய வேணும்

மருமகன் குடித்தது பின்னேரம் நாலு மணிக்கு. இரவு ஒன்பதுக்குக் கொழும்பு பஸ் ஏறினார். ஹபரணைக்குக் கிட்டப் போகும்போது வேர்த்துக் கொட்டத் தொடங்கியிருக்கிறது. மறுகா நடந்ததை நான் எழுதவில்லை. டிரைவர் நல்ல மனுசன், அந்த நடுச்சாமத்திலும் இரண்டு தரம் பஸ்ஸை நிறுத்தினாராம்.

குடித்தது வேறொன்றுமில்லை. ஆரையம்பதியில் என் வளவு மதிலோரம் நிற்கிற கற்றாழையில் ஒரு முழு மடலைத் தோலோடு வெட்டிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, தேன் விட்டு பிளெண்டரில் அடித்த சாறு. உடம்பைச் சுத்தமாக்கும் என்று வட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துச் செய்தது. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்த மாமியார் அடுத்த அறைக்குள் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

கற்றாழை மடல் ஒன்றுதான், உள்ளே சரக்கு இரண்டு. பச்சைத் தோலுக்கு நேர் கீழே மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது மஞ்சள் பால், கடும் கசப்பு. அதற்கும் உள்ளே கண்ணாடி போலத் தெரிவது சோறு. சோற்றில் நூற்றுக்கு 98, 99 பங்கு தண்ணீர்தான். மிச்சத்தில் முக்கியமானது அசிமன்னான் என்ற நீளச் சங்கிலிச் சர்க்கரை. வழுவழுப்பு அதனால் வருவது. மஞ்சள் பாலில் இருப்பது அலோயின். தோலில் பூச நமக்கு வேண்டியது சோறு. மருமகனை ஹபரணையில் இறக்கியது அலோயின்.

அதுவும் ஏன் எட்டு மணித்தியாலம் கழித்து? அலோயினில் ஒரு குளுக்கோஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காபனுக்கும் காபனுக்கும் இடையிலான பிணைப்பு அது, எங்கள் இரைப்பையாலும் சிறுகுடலாலும் அறுக்க முடியாது. ஆகவே அப்படியே பெருங்குடல் வரை போய்ச் சேர்கிறது. அங்கே வாழும் பக்டீரியாக்கள்தான் சர்க்கரையைக் கழற்றி விடுகின்றன. மிஞ்சுகிற பகுதி குடற்சுவரைக் கிளறுகிறது, குடல் தண்ணீரை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. இதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும். குடித்து ஒரு மணித்தியாலமாகியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு கிளாஸ் ஊற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். எல்லார் குடலிலும் ஒரே பக்டீரியா இல்லை என்பதால், ஒருவருக்குச் சும்மா இருந்த அளவு இன்னொருவரைப் படுக்கையில் போடும்.

சரி, வெட்டுவோம். முதலில் செடி சரிதானா என்று பாருங்கள். வேலியோரம் நட்டிருக்கும் ஆனைக்கற்றாழைக்கும் பேச்சில் கற்றாழை என்றுதான் பேர். ஆனால் அது வேறு குடும்பத்துச் சாதி. மடல் நுனியில் ஊசி போல கடினமான முள் இருக்கும், வெட்டினால் உள்ளே நார் நாராக வரும், சாறு பட்டால் தோல் எரிந்து தடிக்கும். மருந்துக் கற்றாழையின் நுனி மெத்தென்றிருக்கும், ஓரத்து முள்ளும் சின்னன்தான்.

அடிப்பக்கத்து முற்றின மடலை எடுங்கள், நடுக்குருத்தில் கைவைக்காதீர்கள். அடியோடு அறுத்தவுடன் வெட்டுவாய் கீழே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். நான் காலியான தயிர்ச்சட்டி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மஞ்சள் சொட்டிச் சட்டிக்குள் இறங்கும். நல்ல சீலையோடு இந்த வேலை செய்யாதீர்கள், அந்தக் கறை காய்ந்து மண்ணிறமாகும், சவர்க்காரத்துக்கு அசையாது.

சொட்டி முடிந்ததும் கழுவி, அடியையும் நுனியையும் இரண்டு விரற்கடை தள்ளி வெட்டி எறியுங்கள். ஓர முள்ளைச் சீவுங்கள். தட்டையான பக்கத்துத் தோலைக் கத்தியால் சீவும்போது கஞ்சத்தனம் வேண்டாம். தோலோடு ஒட்டி எடுத்தால் மஞ்சள் குழாய்கள் சோற்றிலேயே தங்கிவிடும், கொஞ்சம் சோறு வீணானாலும் ஆழமாகச் சீவுங்கள். மற்றப் பக்கமும் அப்படியே. கட்டியை ஓடுகிற தண்ணீரில் கழுவி, துண்டாக்கி, இன்னும் இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். பிறகு ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துத் துப்புங்கள். கசந்தால் அலோயின் இன்னும் இருக்கிறது. இலேசான புளிப்பு இருந்தால் பயமில்லை, சோற்றின் அமிலத்தன்மை ஏறக்குறைய பிஎச் 4.5. காலையில் வெட்டினால் புளிப்புக் கூடத் தெரியும். இந்தச் செடி பகலில் இலைத்துளையை மூடி, இரவில்தான் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இழுக்கிறது. இழுத்ததை மாலிக் அமிலமாக்கி விடியும்வரை சேர்த்து வைக்கும். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், எங்கள் வெயிலுக்கு அதுதான் புத்தி என்று.

பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள், "டீச்சர், கொதிக்க வைச்சா கசப்புப் போயிடும்தானே?"

"இல்ல மனே. கரியபோளம் எப்பிடிச் செய்யிறது? இந்த மஞ்சள் பாலைக் காய்ச்சி வத்த வைச்சுத்தான். காய்ச்சிக் காய்ச்சிக் கறுத்தும் அது பேதிக்குக் குடுக்கிற மருந்துதானே?"

பால்மறக்கடிக்கப் பெத்தா கரியபோளத்தை உரைத்துப் பூசுவாவாம், அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தோடு அது போகட்டும், பிள்ளையின் வயிற்றுக்கு அது ஆகாது. சித்த வைத்தியர்கள் சுத்தி செய்து, அளவறிந்து கொடுப்பது வேறு விஷயம். அமெரிக்காவில் இந்த மஞ்சள் பாலைக் கடைகளில் பேதி மருந்தாக விற்கும் அனுமதியை 2002இல் எடுத்துவிட்டார்கள். தோலோடு அரைத்த முழு மடல் சாற்றை இரண்டு வருஷம் குடிக்கக் கொடுத்த எலிகளுக்குப் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் அதை மனிதருக்கும் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி வகுப்பில் வைத்திருக்கிறது. ஒரு நாள் குடித்ததற்காகப் பதற வேண்டாம். தினமும் வெறும் வயிற்றில் குடிக்கிறவர்கள்தான் யோசிக்க வேணும்.

வயிற்றில் பிள்ளை உள்ளவர்கள், பால் கொடுக்கிறவர்கள், பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள், சிறுநீரக வருத்தக்காரர் இதைக் குடிக்கவே வேண்டாம். சலம் போகிற குளிசையோ இருதயத்துக்கு டிஜொக்சினோ எடுப்பவர்களும் அப்படித்தான். பேதியில் பொட்டாசியம் இறங்கும், இறங்கினால் டிஜொக்சின் இருதயத்துக்கு எதிராகத் திரும்பும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்களுக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம், டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

பூசுவதற்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் முதலில் முன்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டுப் பூசி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால், கடித்தால் உங்களுக்கு ஒத்துவராது. அடுப்படியில் சுட்டால் முதலில் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் பிடியுங்கள். பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். தோல் உரியாத சின்னச் சூட்டுக்கு, ஆறிய பிறகு சோறு பூசலாம். கொப்புளம் உடைந்ததற்கும் ஆழமான காயத்துக்கும் ஆஸ்பத்திரிதான். சிசேரியன் அல்லது வேறு வயிற்று ஒப்பரேஷன் வெட்டு ஒழுங்காக ஆறாத பெண்களுக்குக் கற்றாழை ஜெல் பூசிப் பார்த்த ஒரு ஆய்வு 1991இல் வந்தது. பூசியவர்களுக்குக் காயம் ஆற நாள் கூடத்தான் எடுத்தது.

தலைக்கு வைப்பதென்றால் அன்றன்றைக்கு வெட்டுங்கள். மிஞ்சினதைக் கழுவிக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை நான் பாவிப்பேன், அதற்கு மேல் இல்லை. தண்ணி போல இளகினால் அசிமன்னான் சங்கிலி அறுந்துபோய்விட்டது. மணம் மாறினால் யோசிக்காமல் வெளியே ஊற்றிவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற மாதத்தில் மூன்று நாளே அதிகம்.

சீவின தோலையும் சட்டியில் வடிந்த மஞ்சளையும் முற்றத்தில் வீசாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் அது சத்தியும் பேதியும் கொடுக்கும். நான் முருங்கைக்குப் பின்னால் ஒரு முழம் தோண்டிப் புதைக்கிறேன். இப்போது அந்தக் குழியைத் தோண்டுகிறவர் மருமகன்தான்.