கல்லணைத் தண்ணீரை வைத்துத் தொகையிடல்: ஜியோஜீப்ராவில் முதல் பாடம்

தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் தொகையிடலைச் சூத்திரத்திலிருந்து தொடங்க வேண்டியதே இல்லை. ஜூன் 12 நெருங்கினால் வீட்டில் இதே பேச்சுதான்: மேட்டூரில் எத்தனை டிஎம்சி இருக்கிறது, எத்தனை ஆயிரம் கன அடி திறப்பார்கள்? விநாடிக்கு இத்தனை கன அடி என்பது வேகம். டிஎம்சி என்பது சேர்ந்த அளவு, 100 கோடி கன அடி. முன்னதிலிருந்து பின்னதைக் கண்டுபிடிப்பதுதான் தொகையிடல்.

வரைபடம் வரைந்து காட்டும் கணித மென்பொருளான ஜியோஜீப்ராவை முந்தின நாளே லேப்டாப்பில் நிறுவிவிடுங்கள். நெட்டை நம்பிப் போய், ஒரு பீரியட் முழுக்கச் சுற்றும் வட்டத்தைக் காட்டிக்கொண்டு நின்றவன் நான்.

1. உள்ளீட்டுப் பெட்டியில் எஃப்(எக்ஸ்) = 3 + 4எக்ஸ் − 0.4எக்ஸ்² என்று அடியுங்கள் (ஆங்கில எழுத்தில்தான்). கிடை அச்சு நாள். நிலை அச்சு விநாடிக்கு ஆயிரம் கன அடி. கல்லணையில் 3,000 கன அடியில் தொடங்கி, 5 நாளில் 13,000-க்கு ஏற்றுவதாக நாமே வைத்துக்கொண்ட கணக்கு இது. வளைவு திரைக்கு மேலே ஓடிவிடும், அச்சைப் பிடித்துச் சுருக்குங்கள்.

2. கே = 5 என்று அடித்தால் ஸ்லைடர் (இழுத்து எண்ணை மாற்றும் கோடு) வரும். வளைவின் கீழ் எத்தனை செவ்வகம் என்பதுதான் கே. அது 5-ஐத் தாண்டாது. அமைப்புகளுக்குள் போய்க் குறைந்தது 1, அதிகம் 50, படி 1 என்று மாற்றுங்கள்.

3. லோயர்சம்(எஃப், 0, 5, கே), அடுத்து அப்பர்சம்(எஃப், 0, 5, கே). வளைவுக்கு உள்ளே அடங்கிய செவ்வகங்களின் கூடுதல் 43, வெளியே துருத்துபவை 53.

இங்கே அவசரப்படாதீர்கள். "நிஜ அளவு எங்கே இருக்கும்?" என்று கேட்டு, ஆளுக்கொரு எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஸ்லைடரை ஒரு மாணவி கையில் கொடுங்கள். கே 50 ஆகும்போது 47.83, 48.83. பத்தாக இருந்த இடைவெளி ஒன்றாகிவிட்டது. எல்லை என்ற சொல்லை அந்த நேரத்தில் சொன்னால் போதும்.

4. இன்டெக்ரல்(எஃப், 0, 5): 48.33. இதை 1,000-ஆலும், ஒரு நாளின் 86,400 விநாடியாலும் பெருக்கினால் ஏறக்குறைய 4.18 டிஎம்சி.

அப்புறம் வளைவை அழிக்காமல், அதன் சூத்திரத்தை மட்டும் எஃப்(எக்ஸ்) = 10 என்று மாற்றுங்கள். இப்போது ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் இரண்டு கூடுதலும் 50-லேயே நிற்கும். ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.