மாலை ஆறரைக்கு ஒரு பெற்றோர் கூட்டம்

தரம் 2 பிள்ளைகளின் வகுப்பாசிரியை ஆன முதல் வருசம், பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தேன். வகுப்பில் 34 பிள்ளைகள். வந்தது 11 அம்மாமார். கொழும்பு புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கும் கடையில் நிற்கிறவருக்கும் பத்து மணிக்கு வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும். கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்கள் பிள்ளைகளின் அப்பாமார் பாதிப் பேர் அப்படித்தான். வராதவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று நினைத்தது என் பிழை. அதன்பிறகு மாலை ஆறரைக்குத்தான்.

நீங்களும் இப்படி வைப்பதென்றால், கூட்டத்துக்கான நாளைப் பார்த்து எடுங்கள். செவ்வாய் வேண்டாம், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். வெள்ளியும் வேண்டாம். புதன் அல்லது வியாழன் நல்லது. போயா தினமா (பௌர்ணமி விடுமுறையா) என்று கலண்டரைப் பாருங்கள். நோன்பு மாதமென்றால் ஆறரை சரிவராது, நோன்பு திறக்கும் நேரம். அதிபரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி, காவலாளிக்கும் சொல்லிவையுங்கள். முதல் நாளே மாலையில் போய் டியூப்லைட்டைப் போட்டுப் பாருங்கள். பகலில் மட்டும் நடக்கும் வகுப்பறையில் லைட் எரியாமல் கிடப்பது ஒருவருக்கும் தெரியாது.

அழைப்புத் துண்டில் மூன்று வரி போதும்: நாள், நேரம், "அன்று பணம் எதுவும் சேர்க்கமாட்டோம்." மூன்றாவது வரியை விடவே வேண்டாம். கூட்டம் என்றாலே காசு கேட்பார்கள், இல்லாவிட்டால் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வார்கள் என்ற பயத்தில்தான் பலர் வருவதில்லை. பணம் சேர்க்கிற பாடசாலை அபிவிருத்திச் சங்க விசயங்களை வேறொரு நாளைக்கு வையுங்கள். தம்பி தங்கச்சியைக் கூட்டி வரலாம் என்றும் வாயால் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் விட்டுவர ஆள் இல்லாத அம்மாமார் அதைக் கேட்டுத்தான் வருகிறார்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த வேலை. கூட்டத்தன்று காலையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, தன் மேசையில் வைத்துவிட்டுப் போகட்டும். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் கலர் பென்சில்களும் வையுங்கள், பதில் எழுத. பேனை மட்டும் வைத்தால் எழுதத் தெரியாதவர்கள் கூசிப்போவார்கள். கலர் பென்சில் இருந்தால் யாரும் எதையும் கீறலாம். ஒரு வருசம் ஒரு பிள்ளை, "அப்பா எண்ட மேச இது. நீங்க இருந்து பாருங்க" என்று எழுதியிருந்தது. அந்த அப்பா சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சாக்குக் கயிறு அறுத்த விரல்களால் பச்சைப் பென்சிலைப் பிடித்து, ஒரு மாமரம் கீறினார். கால் மணித்தியாலம் எடுத்தது. நான் பேச்சைத் தொடங்காமல் நின்றேன். அடுத்த நாள் அந்தப் பிள்ளை ஒவ்வொரு இலையையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணியது.

முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மண்டபத்திலிருந்து பெரிய கதிரை நாலைந்து எடுத்து வையுங்கள்.

உங்கள் பேச்சு இருபது நிமிசத்தைத் தாண்டக்கூடாது. பையில் என்ன வரவேண்டும், வீட்டுவேலை எவ்வளவு, பிள்ளையை யார் கூட்டிப்போவார், வாட்ஸ்அப்பில் எத்தனை மணிவரை செய்தி போடலாம், அவ்வளவுதான். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்கு ஏன் இலையும் கல்லும் கொண்டுவரச் சொல்கிறோம் என்பதைச் செய்தே காட்டுங்கள். வீட்டில் சிங்களம் பேசுகிற அம்மா இருந்தால், சிங்களம் தெரிந்த ஒரு டீச்சரைப் பக்கத்தில் இருத்துங்கள்.

"புலமைப்பரிசிலுக்கு எப்போ கிளாஸ் போடலாம் டீச்சர்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அது தரம் 5 பரீட்சை. நான் சொல்வது: இப்போதைக்குத் தினமும் பத்து நிமிசம் பிள்ளை சத்தமாக வாசிக்க, பக்கத்தில் இருந்து கேளுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாவாலும் அது முடியும்.

தனிப் பிள்ளையைப் பற்றி எல்லோர் முன்னாலும் வாயே திறக்காதீர்கள், பாராட்டானாலும் சரி. தனியாகப் பேச விரும்புகிறவர்கள் பெயரும் நேரமும் எழுத வாசலில் ஒரு கொப்பி வையுங்கள். பிளேன்டீயும் கடலையும் வாழைப்பழமும் போதும். எந்த வீட்டாரும் தயங்காமல் சாப்பிடலாம்.

எல்லோரும் போனபின் மேசைகளைச் சுற்றி வாருங்கள். பதில் இல்லாத கடிதங்கள் ஐந்தாறு இருக்கும். அவற்றுக்கு அன்றிரவே நீங்கள் பதில் எழுதி வையுங்கள். மறுநாள் காலையில் எந்தப் பிள்ளையும் வெறும் தாளைப் பார்க்கக்கூடாது.