ஃப்ளூ ஊசி போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆகஸ்ட், செப்டம்பரில் எங்கள் தடுப்பூசி அறைக்கு முதல்முறையாக ஃப்ளூ ஊசி போட வருகிறவர்கள் அதிகம். படிப்பை முடித்த புது நர்ஸ்களும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வேலைக்குச் சேருவார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை இரண்டு தரப்பும் மறுபடி செய்வதைப் பார்க்கிறேன். பழைய சீட்டை மறந்துவிட்டு வருவது, இறுக்கமான முழுக்கைச் சட்டையோடு வருவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பணமும் பாதுகாப்பும் சேர்ந்து போகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மருந்தை ஐஸில் புதைத்துக் கொண்டுவருவது

ஃப்ளூ ஊசி தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை. அதனால் பெரும்பாலானவர்கள் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். சிறிய கிளினிக்குகள் பலவற்றில் மருந்தை வாங்கி வைப்பதில்லை. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார், வீட்டுக்காரர்கள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வருவார்கள். கெடுதல் நடப்பது அந்த வழியில்தான்.

இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெட்டுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெட்டுவிடும் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. ஐஸ் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள்.

ஒரு பெரியவர் மனைவிக்கும் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் மருந்து வாங்கி வந்திருந்தார். பை நிறைய ஐஸ் கட்டி, நடுவில் ஊறிப்போன மூன்று அட்டைப் பெட்டிகள். "ஐஸ் நல்லா வச்சுத்தான் கொண்டாந்திருக்கேன் சிஸ்டர், சூடே படல" என்றார். எப்போது வாங்கினீர்கள் ஐயா என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலமாம். ராத்திரி எங்கே இருந்தது? "ஃப்ரீசர்லதாம்மா வச்சிருந்தேன்."

மூன்றையும் போட முடியாது என்றேன். அவர் ஒரு ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "தெளிவாத்தானே இருக்கு?" என்றார். தெளிவாகத்தான் இருந்தது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு டோஸே ஆயிரம் ரூபாய்க்கு மேல். பென்ஷன் பணத்தில் அக்கறையாக வாங்கிய மூன்று டோஸும் குப்பைக்குப் போயின.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சீட்டில் ஒரு வரி எழுதாத டாக்டர்மேலும், மீன் கட்டுவதுபோல ஐஸில் போட்டுக் கட்டிக்கொடுத்த கடைமேலும் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அதைவிட மோசமானது, எதுவும் கேட்காமல் அந்த மருந்தைப் போட்டு அனுப்புகிற அறை. மருந்து கெட்டது யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு நவம்பரில் காய்ச்சல் வந்தால் "ஃப்ளூ ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை" என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும்.

புது நர்ஸ்கள் இங்கே ஒன்று சொல்வார்கள்: "குலுக்கிப் பார்த்தா தெரிஞ்சிடும் அக்கா." தெரியாது. குலுக்கல் சோதனை அலுமினிய உப்பு சேர்ந்த மருந்துகளுக்கானது. குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்கும் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட், டி.பி.டி., ஹெபடைடிஸ் பி உறைந்திருந்தால் கட்டிகட்டியாகி வேகமாக அடியில் படியும். நாம் வழக்கமாகப் போடும் ஃப்ளூ மருந்துகளில் அலுமினியம் கிடையாது. உறைந்து உருகிய பிறகும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் வி.வி.எம். என்ற நிறம் மாறும் பட்டையும் பட்ட சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. ஆகவே கேட்பது ஒன்றுதான் வழி. எப்போது வாங்கினீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள், ஐஸ் நேராகப் பட்டதா என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

மருந்தை முறையாக வைத்திருக்கும் இடத்திலேயே போய்ப் போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. ஃப்ரிட்ஜில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை. கடையில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் கிளினிக்கில் டாக்டர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் வாங்குங்கள். ஐஸ் பேக்கை வெளியே எடுத்துவைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் வந்த பிறகே வைக்கச் சொல்லுங்கள். பேக்குக்கும் பெட்டிக்கும் நடுவே தடித்த அட்டையோ நாலாக மடித்த செய்தித்தாளோ இருக்கட்டும். பெட்டியைப் பிரிக்க வேண்டாம், வெளிச்சமும் ஆகாது. நேராகக் கிளினிக்குக்கு வந்துவிடுங்கள். வீட்டில் வைக்கவே வேண்டிவந்தால் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு. கதவு வேண்டாம், ஃப்ரீசரும் அதை ஒட்டிய இடமும் கூடவே கூடாது.

பிள்ளைக்கு இரண்டாவது ஊசியை விட்டுவிடுவது

6 மாதம் முதல் 8 வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போடும் முதல் வருஷம் இரண்டு டோஸ் வேண்டும், குறைந்தது நான்கு வார இடைவெளியில். முதல் டோஸ் உடம்புக்கு வைரஸை அறிமுகம் செய்கிறது, இரண்டாவதில்தான் எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு எழும்புகிறது. "கை வலின்னு ராத்திரியெல்லாம் அழுதான் சிஸ்டர்" என்று வராமல் விட்ட தாய்மார்கள் நிறைய. அந்த வலி ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அடுத்த வருஷத்திலிருந்து ஒன்று போதும்.

சின்னப் பிள்ளைக்கு அரை டோஸ்

நர்ஸ்களுக்குச் சொல்கிறேன்: மூன்று வயதுக்குள் 0.25 மில்லி என்று பழைய பழக்கத்தில் போடாதீர்கள். இப்போது பல தயாரிப்புகளில் 6 மாதத்திலிருந்தே 0.5 மில்லிதான். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள்.

இடுப்பில் போடச் சொல்வது

வேண்டாம். பெரியவர்களுக்கு மேற்கை, கைக்குழந்தைக்குத் தொடை.

"போன வருஷமே போட்டாச்சு"

ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. எந்தப் பருவத்துக்கான மருந்து என்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும். காலாவதித் தேதியோடு அதையும் பாருங்கள்.

ஊசி போட்டுப் பாதுகாப்பு வர சுமார் இரண்டு வாரம் ஆகும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பக்கத்து வீட்டில் காய்ச்சல் வந்த பிறகு ஓடிவருவதைவிட மழைக்கு முன்னால் போட்டுக்கொள்வது மேல்.

நான்கு வைரஸ் வகைகள் சேர்ந்த மருந்துக்காகக் காத்திருப்பது

தேவையில்லை. நான்காவதாகச் சேர்த்திருந்த பி யமகாட்டா என்ற ஃப்ளூ வைரஸ் வகை மார்ச் 2020-க்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. அதனால்தான் அதை எடுத்துவிட்டு மூன்று வகையோடு மருந்து வருகிறது.

பென்டாவேலன்ட் போட்டிருப்பதால் போதும் என்பது

போதாது. அதில் உள்ள ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே டைப் பி) பெயரில் ஃப்ளூபோலத் தெரிந்தாலும் ஒரு பாக்டீரியாவுக்கானது, ஃப்ளூவோ வைரஸ்.

பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் மற்றவர்கள் போடாமல் இருப்பது

6 மாதத்துக்குள் குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. கர்ப்பிணி எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய் முதல் சில மாதங்கள் காக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிற அம்மாவும் அப்பாவும், மடியில் குழந்தையைப் போட்டுக்கொள்வதற்கு முன் இதையும் செய்ய வேண்டும். அவர்களில் பலருக்குச் சர்க்கரையோ ஆஸ்துமாவோ இருக்கும். அவர்களுக்கே இந்த ஊசி அவசியம்.

லேசான சளிக்குத் தள்ளிப்போடுவது

மூக்கொழுகலுக்காகத் தள்ள வேண்டாம். நல்ல காய்ச்சல் இருந்தால் மட்டும் தணியட்டும்.

முட்டை ஒவ்வாமை என்று வராமலே இருப்பது

வந்து சொல்லுங்கள். பெரும்பாலும் போடலாம். முன்பு ஃப்ளூ ஊசிக்கே கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால்தான் போடக்கூடாது.

ஊசி போட்டாயிற்று என்று காய்ச்சலை விட்டுவிடுவது

மருந்தும் அந்த வருஷ வைரஸும் நன்றாகப் பொருந்துகிற பருவத்தில்கூட, டாக்டரிடம் போகுமளவுக்கு ஃப்ளூ வருவதை இந்த ஊசி 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும். ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுப்பதும் குறைகிறது, அதுவே பெரிது. கர்ப்பிணி, 65 வயது தாண்டியவர், சர்க்கரை, இதயம், சிறுநீரக நோய் உள்ளவர் ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சலும் இருமலும் வந்தால் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை விழுங்கிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது. ஒசெல்டாமிவிர் என்ற மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அந்த நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள்.