ரேகை அழிந்த விரல்களிடம் கேள்வி கேட்பது எப்படி?

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களைச் சந்திக்கப் போன முதல் நாள், ஆய்வில் பங்கேற்கச் சம்மதம் என்கிற ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கினேன். பெருவிரல் பதிந்தது, ரேகை பதியவில்லை. தாளில் வெறும் நீலக் கறை. “ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான் முழிக்கும் கண்ணு” என்றார் அந்த ஆயா. நான் கேள்வித்தாளை இன்னும் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். எத்தனை பேருக்குக் கை புண்ணாகியிருக்கிறது என்று எண்ணுவது கணக்கெடுப்பின் வேலை. அந்தப் புண் ஏன் இந்தக் கைகளுக்கு மட்டும் வருகிறது, ஆறாமல் இருக்க யார் எடுத்த முடிவு காரணம் என்று ஆட்களோடு பேசித் தேடுவது பண்புசார் ஆய்வு செய்கிற நம் வேலை. தவிர்க்கக்கூடியதும் நியாயமற்றதுமான வேறுபாட்டைத்தான் சுகாதாரச் சமத்துவமின்மை என்றார் பிரிட்டன் பொதுச் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட், 1990களின் தொடக்கத்தில். புதிதாக வருகிற மாணவர்களிடம் அந்த இரண்டு சொற்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்வேன்.

களத்துக்குப் போகும் முன், ஆய்வால் பங்கேற்பவருக்குத் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் படிவத்தைப் படித்துக்காட்ட வேண்டும். அந்தச் சாட்சி கொட்டை கொடுக்கும் வியாபாரியின் ஆளாக இருந்துவிடக் கூடாது. இது சொல்லித் தெரிய வேண்டியதா என்று தோன்றும். எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது: முதல் குழு உரையாடலை ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தேன். வியாபாரியின் உறவுக்காரர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் எல்லோரும் ‘குறையொன்றும் இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரைக் கையை ஓயவைத்துப் பேசச் சொன்னால் அன்றைய வருமானத்தில் கைவைக்கிறோம் என்று பொருள். ஒன்று அந்த நேரத்துக்கு ஈடுகட்டுங்கள். அல்லது அவர் வேலை செய்யும்போதே பக்கத்தில் உட்காருங்கள். நான் பருப்பின் மேல்தோல் உரித்துக்கொடுத்தபடி பேசுவேன். (என் வேகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பேச்சுக்கு நல்லது.) சுத்தியல் சத்தம் பதிவைக் கெடுக்கும், போனை மடித்த துண்டின் மேல், அவர் வாய்க்கு அருகில் வையுங்கள்.

இனி கேள்வி. ‘ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கேள்வி அது. ‘சோம்பல்தான்’ என்று ஒரு பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள், நாமும் அதை நம்பி எழுதிவிடுவோம். ‘கடைசியாகக் கை ரொம்ப எரிந்த நாளைச் சொல்லுங்கள் அக்கா, காலையிலிருந்து’ என்று தொடங்குங்கள். அந்த நாளுக்குள்ளேயே பஸ் வரும், சீட்டு வாங்கும் வரிசை வரும், போய் வருவதற்குள் இழந்த கிலோ கணக்கு வரும், பிள்ளையை யாரிடம் விட்டார் என்பதும் வரும். முடிந்தால் ஒருமுறை அவரோடு அதே பஸ்ஸில் போய் வாருங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரையும் மருத்துவரையும் வியாபாரியையும் தனித்தனியே கேளுங்கள். கஷ்டப்படுகிறவரை மட்டுமே துருவினால், கஷ்டத்துக்கு அவரே காரணம் என்பதுபோல அறிக்கை வந்து நிற்கும்.

1990களில் சீனாவின் யுன்னானில் கரோலைன் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற ஆய்வாளர்கள், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படம் எடுக்கக் கிராமப் பெண்கள் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். அதைப் பின்பற்றி நான் போனைக் கொடுத்தேன். ஒருவர் தன் அடுப்பைப் படம் எடுத்து வந்தார். உடைத்த ஓடுதான் விறகு. படம் முழுக்கக் கறுப்புப் புகை. என் கேள்விகள் அத்தனையும் கையைப் பற்றியவை. இருமலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மறுநாளே கேள்விப் பட்டியலைத் திருத்தினேன்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள்: ‘கை வெந்துபோனது’ என்பதைத் ‘தோல் அழற்சி’ என்று மாற்றினால், அதிலிருந்த நெருப்பு அணைந்துவிடும். பிறகு ஒவ்வொரு வரியும் எதைப் பற்றியது என்று ஓரிரு சொற்களில் குறியிடுங்கள். புதிய பேட்டியில் புதிதாக எதுவும் வராதபோது நிறுத்தலாம். ஆனால் சாலையோர வீடுகளில் மட்டும் பேசிவிட்டு ‘நிறைவடைந்தது’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காலனிக்குள் கால் வைத்தால் கதை வேறு.

எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் அவர்களிடம் படித்துக்காட்டுங்கள். ‘விழிப்புணர்வு இல்லாததால் கையுறை அணிவதில்லை’ என்ற என் வரியில் ஆயா நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் ஒரு ஜோடி கையுறையை எடுத்து வந்து, என் கையில் மாட்டிவிட்டு, ஒரு கொட்டையைக் கொடுத்தார். வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. ‘இப்படி உடைத்தால் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ?’ என்றார். அந்த வரியை அங்கேயே அடித்தேன்.